மண்சுவரின் ஆயுள்

ஒருவரை வைய வேண்டுமாயின் மண்ணைத் துணைக்கு அழைப்பது தமிழரின் வழக்கம். பாடம் விளங்காத பிள்ளை மண்ணாங்கட்டி. கெட்டுப்போன காரியம் மண்ணாய்ப் போன காரியம். எதிர்பார்த்தது கைகூடாவிடின் வாயில் மண் விழுந்தது. இவ்வளவையும் சொல்லிய அதே நாவினால் ‘பிறந்த மண்’ என்று உருகவும் செய்வோம். இம்முரண்பாடு பேச்சளவில் நின்றுவிட்டாற் பாதகமில்லை. அது வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. பிறந்த மண்ணைப் போற்றுகிற நாம், அம்மண்ணால் எழுப்பிய சுவருக்குள் வாழ்வதை மட்டும் தாழ்வென எண்ணுகிறோம். கலியாணப் பேச்சில் ‘அவை மண்வீட்டுக்காரர்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ‘கல்வீடு’ என்றாலும் அவ்வாறே. ஒரு சொல்லில் அந்தஸ்து முழுவதும் அடங்கிவிடும்.

கணக்கெடுப்புப் படிவமும் இவ்விடயத்தில் எம்மவரின் மனப்போக்குக்கு மாறானதன்று. வீடுகளை நிரந்தரமானவை, அரைநிரந்தரமானவை என்று வகுக்கும்போது சுவர் எப்பொருளாலானது என்பது முக்கியமான அளவுகோல். கருங்கல்லும் செங்கல்லும் சீமெந்தும் நிரந்தரத்தின் பக்கம் நிற்கின்றன; மண்ணும் கிடுகும் அப்பக்கம் சேர்வதில்லை. கணக்கெடுப்போரை நாம் குறைகூற வரவில்லை. எங்கேயாவது ஒரு கோடு கீறத்தானே வேண்டும்? ஆயினும் யேமன் நாட்டின் ஹத்ரமௌத் பள்ளத்தாக்கிலே, ஷிபாம் என்னும் பழைய நகரத்தில், வெயிலில் உலர்த்திய பச்சைமண் கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடுகள் ஐந்து, ஆறு, ஏழு மாடிகளாக உயர்ந்து நிற்கின்றன. நகரின் அவ்வமைப்பு 16ஆம் நூற்றாண்டுக்குரியது. 1982இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. எமது படிவத்தை அங்கே கொண்டுபோனால் ஊர் முழுவதையும் ‘அரைநிரந்தரம்’ என்றே எழுதவேண்டிவரும்.

எமக்கு மண்வீடு புத்தகத்தின் வாயிலாக வந்த அறிவன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஓரிரவில் வெறுமையானபோது எமக்கு வயது 14. தென்மராட்சியில் ஒரு பாடசாலை விறாந்தையிற் சில மாதங்கள் கழிந்தன. அடுத்த ஆண்டு கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குச் சென்றோம். மல்லாவிக்கு அண்மையில், தெரிந்தவர் ஒருவரின் காணியில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. நிலம் கிடைத்தது, வீடு வேண்டுமே. அக்காலத்தில் வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்த பொருள்களுள் சீமெந்தும் ஒன்று. ஊரில் கல்வீட்டில் வாழ்ந்தவரும் ஓலைக்குடிசையில் வாழ்ந்தவரும் அங்கே ஒரே மண்ணை நாடி நின்றனர். அந்த ஒரு காலத்தில் மட்டும் ‘மண்வீட்டுக்காரர்’ என்ற சொல்லுக்கு எம்மவரிடையே மதிப்புமில்லை, அவமதிப்புமில்லை.

எமது தந்தையார் எழுதுவினைஞர். பேனை பிடித்த கை மண்வெட்டியைப் பிடித்ததும் கொப்புளித்துவிட்டது. அயற்காணியில் இருந்த முதியவர் ஒருவரே எமக்கு ஆசானாய் வாய்த்தார். அவர் முதலிற் செய்தது காணியைச் சுற்றி நடந்ததுதான். குளக்கட்டருகில் ஒரு பிடி, புற்றடியில் ஒரு பிடி, கிணற்றடியில் ஒரு பிடி என மண் அள்ளினார். ஒவ்வொன்றையும் ஈரமாக்கி உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டித் திரித்துப் பார்த்தார். பின்னர் உருண்டையாக்கித் தோளுயரத்திலிருந்து விழவிட்டார். சிதறிப் பொடிந்த உருண்டையைக் காலால் ஒதுக்கினார். அதில் பசை போதாது. சப்பையாகி நிலத்தோடு ஒட்டிக்கொண்டதையும் ஒதுக்கினார். அதில் களி மிகை, உலரும்போது பிளக்கும். இரண்டையும் கலந்து மீண்டும் உருட்டினார். நாலைந்து தடவை இவ்வாறு செய்தபின், ‘‘இது நிக்கும்’’ என்றார். பின்னாளிற் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படித்தபோது, இதே பரிசோதனைகளை ஆங்கிலப் பெயர்களுடன் விரிவுரை மண்டபத்திற் கேட்க நேர்ந்தது. முதியவரின் கையளவு துல்லியம் எமது கைக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

மண் தெரிந்தாயிற்று, இனிச் சுவரைத் தொடங்கலாம் என்றார் தந்தையார். முதியவர் தலையசைத்து மறுத்தார். ‘‘ஐயா, பிள்ளை பிறக்கமுந்தித் தொட்டில் கட்டமாட்டம். ஆனால் சுவர் பிறக்கமுந்திக் கூரை போடத்தான் வேணும்’’ என்றார். அவ்வாறே பாலைமரக் கப்புகள் நட்டு, வளை ஏற்றி, கிடுகு வேய்ந்து, தாழ்வாரத்தை நன்றாக வெளியே நீட்டிய பின்னரே சுவர் வேலை தொடங்கியது. நிலத்தை முழங்காலளவு மேடாக்கி இறுக்கினோம். வைக்கோலை வெட்டிப் போட்டு மண்ணை ஊறவைத்து இரண்டு நாள் விட்டோம். பிறகு மிதிப்பு. அம்மாவும் தமக்கையும் அயல்வீட்டுப் பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினர். தந்தையார் அவசரப்பட்டபோதெல்லாம் முதியவர் தடுத்தார். ‘‘மண்ணை அவசரப்படுத்தினால் அது பிறகு உங்களை ஏமாத்தும்’’ என்பது அவர் வாக்கு. குழைத்த மண்ணை உருண்டைகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாய் அறைந்து ஒன்றரை அடி உயர்த்துவோம். அது காயும்வரை காத்திருப்போம். காய்ந்தபின் அதன்மேல் அடுத்த வரி. ஆள் மாறி ஆள் உருண்டை கொடுத்ததால் சுவரில் ஒவ்வொருவர் கைப்பதிவும் தெரிந்தது. மேற்பூச்சு பூசுமுன் எம் தமக்கை தன் கை எது, எமது கை எது என்று அடையாளம் காட்டிச் சிரித்தது நினைவிலிருக்கிறது.

அந்த வீட்டில் ஆறு மழைக்காலம் இருந்தோம். அதிலிருந்தே சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் படித்தோம். சுவர் ஆறு ஆண்டும் நின்றது. ஆனால் சும்மா நிற்கவில்லை. மழை விட்டதும் அம்மா சுவரைச் சுற்றிவந்து சாரல் அரித்த இடங்களைத் தடவிப் பார்ப்பார். புற்றுமண்ணும் சாணமும் குழைத்து அப்பி, ஈரக்கையால் தேய்த்து மழுப்புவார். வெள்ளிக்கிழமைதோறும் நிலம் மெழுகுவார். தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் வீடு முழுவதும் புதுப்பூச்சுப் பெறும். ஒரு மாரியில் அம்மா காய்ச்சலாய்க் கிடந்தபோது மேற்குச் சுவரின் அடிப்பகுதி ஒரு சாண் அளவுக்குக் கரைந்து போயிற்று. ஒரு மாதத்தில் அவ்வளவு.

2002இல் பாதை திறந்ததும் ஊர் திரும்பினோம். இரண்டாண்டு கழித்து அப்பக்கம் போக நேர்ந்தபோது காணியை எட்டிப்பார்த்தோம். கப்புகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தனர். வீடு இருந்த இடத்தில் இடுப்பளவு மண்மேடு. அதன்மேற் பூசணிக்கொடி படர்ந்து இரண்டு காயும் காய்த்திருந்தது. உடைந்த கல்லில்லை, துருப்பிடித்த கம்பியில்லை, அள்ளி அப்புறப்படுத்த ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் எறிகணை பட்ட கொங்கிறீற் வீடுகளின் இடிபாடுகளை அகற்ற எத்தனை உழவு இயந்திரப் பெட்டிகள் தேவைப்பட்டன என்பதை அறிந்தவர்க்கு இது சிறு செய்தியன்று.

மண் இப்படிக் கட்டிடமாகவும் பின் மீண்டும் மண்ணாகவும் மாறுவது எவ்வாறு? மண்ணில் பரலும் மணலும் வண்டலும் களியும் கலந்திருக்கின்றன. பாரந்தாங்கும் எலும்பு மணல். அதனைப் பிணைக்கும் நரம்பு களி. களியின் துணிக்கைகள் 0.002 மில்லிமீற்றருக்கும் குறைந்த நுண்ணிய தகடுகள். நீர் சேர்ந்தால் ஒன்றின்மேலொன்று வழுக்கும். ஆகையாற்றான் குழைக்க முடிகிறது. நீர் வற்ற வற்றத் தகடுகள் நெருங்கி மணலை இறுகப் பற்றிக்கொள்ளும். இங்கே இரசாயன மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. ஆதலால் மீண்டும் நீர் புகுந்தாற் பிடி தளர்ந்துவிடும். சூளையில் இட்ட செங்கல்லின் கதை வேறு. நெருப்பிற் களியின் இயல்பே மாறிவிடுவதால் அது மீண்டும் குழையாது. பச்சைமண்ணின் பலவீனம் எதுவோ அதுவேதான் அதனைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிவதற்கும் காரணம்.

இதனை அறியாது பலர் செய்யும் ஒரு வேலை உண்டு. பழைய மண்சுவருக்குப் பலமூட்டுவதாக நினைத்துச் சீமெந்துப் பூச்சுப் பூசிவிடுகின்றனர். சில மாதம் அழகாயிருக்கும். ஆனால் மண் ஈரத்தை வாங்கி வெளிவிட்டபடியே இருப்பது. சீமெந்துத் தோல் அவ்வழியை அடைத்துவிடும். ஏதோவொரு வெடிப்பினால் அல்லது அடியிலிருந்து ஏறிய ஈரம் உள்ளேயே தங்க, பூச்சுக்குப் பின்னால் சுவர் சேறாகும். ஒருநாள் பூச்சு பலகைபோற் கழன்று விழும்போது சுவரும் கூடவே வரும். மண்ணுக்கு மண்ணும் சுண்ணாம்புமே தகுந்த பூச்சு.

எங்கள் அம்மா தனியொருவராய்ச் செய்ததை ஒரு நகரமே கூடிச் செய்கிற இடம் மேற்கு ஆபிரிக்காவில் இருக்கிறது. மாலி நாட்டின் ஜென்னே நகரப் பெரிய பள்ளிவாசல் முழுவதும் பச்சைமண்ணாலானது. இன்று காணப்படும் கட்டிடம் 1907இல் நிறைவெய்தியது. சுவர்களிலிருந்து முள்ளம்பன்றியின் முட்கள்போல மரக்கட்டுகள் வரிசை வரிசையாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படத்தில் முதன்முதற் பார்த்தபோது அலங்காரம் என்றே எண்ணத் தோன்றும். அலங்காரமுந்தான், ஆனால் அவையே நிரந்தரச் சாரமும் ஆகும். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் பூச்சுவேலை செய்வோர் ஏறி நிற்பது அவற்றின்மேற்றான்.

அம்மரம் எது என்று தேடிப் பார்த்தபோது எமக்குண்டான மகிழ்ச்சியை யாழ்ப்பாணத்தார் விளங்கிக்கொள்வர். அது பனை! எமது கற்பகதருவின் ஆபிரிக்க உறவு. ஒரே பேரினத்தைச் சேர்ந்த இன்னோர் இனம். கறையானுக்கு எளிதில் இடங்கொடாத அதன் வைரம் அங்கும் மதிக்கப்படுகிறது. கடலுக்கும் பாலைக்கும் அப்பால், பெயர் தெரியாத மேசன் ஒருவரும் எமது ஊர்த் தச்சரும் ஒரே மரத்தைத் தட்டிப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர்.

பூச்சுக்கு வேண்டிய சேற்றை முற்கூட்டியே குழிகளில் ஊறவைப்பர். நெல் விளையும் நாடாதலால் உமியைக் கலப்பர். அது பல நாட்கள் புளித்து நாறிப் பசையேறும். சிறுவர் அதிற் குதித்து விளையாடுவதே மிதிப்பு வேலையாகிவிடும். குறித்த நாளில் இளைஞர் கூடைகளிற் சேற்றைச் சுமந்துகொண்டு ஓடுவர். பெண்கள் ஆற்றிலிருந்து நீர் கொணர்வர். மேசன்மார் ஏணியிலும் பனைக்கட்டுகளிலும் ஏறி வெறுங்கையால் அப்புவர். ஓய்வுபெற்ற முதிய மேசன்மாருக்குச் சதுக்கத்தில் மரியாதையான இடம் உண்டு. அவர்கள் அமர்ந்து மேற்பார்வை செய்வர். பூச்சுவேலை அங்கே திருவிழா. எமது கோயில் தேருக்கு வடம்பிடிக்க ஊர் கூடுவதுபோல அவர்கள் சுவருக்குச் சேறு பூசக் கூடுகின்றனர்.

இதைச் சொல்லி நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையாகும். 2009 நவம்பரில் காலந்தவறிக் கொட்டிய மழையில் அப்பள்ளிவாசற் கோபுரம் ஒன்றின் மேற்பகுதி இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டினார்கள். வேறொரு சங்கடமும் உண்டு. 1988இல் அந்நகரும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அதன்பின் தம் வீட்டை விருப்பம்போல் மாற்ற முடியவில்லை என்று மக்கள் முறையிடலாயினர். ஆண்டுதோறும் பூசுகிற செலவைத் தவிர்க்கச் சிலர் சுடுமண் ஓடுகளை முகப்பிற் பதித்தனர். மரபுரிமை காப்போர் முகம் சுளித்தனர். எங்களையும் வாழவிடுங்கள், நிலத்துக்குத் தளவோடு பதிக்க விடுங்கள் என்று குடியிருப்போர் கேட்டனர். அவர்கள் பக்கத்து நியாயத்தை நாம் மறுக்க முடியாது. விடுதியில் இரண்டு நாள் தங்கிப் படமெடுத்துச் செல்பவருக்கு மண்தரை அழகு. அதை நாளும் கூட்டி மெழுகுபவருக்கு அது முதுகுவலி. எங்கள் அம்மாவைக் கேட்டாலும் அதையே சொல்வார். ஊர் திரும்பியதும் தந்தையார் கட்டிய சிறு கல்வீட்டில், முதல் வெள்ளிக்கிழமை, சீமெந்து நிலத்தை ஒரு வாளி நீரால் கழுவிவிட்டு அவர் விட்ட பெருமூச்சு ஆறுதற் பெருமூச்சே.

ஆதலின் மண்வீட்டின் குறைகளை மறைத்து அதற்கு வக்காலத்து வாங்குவது எமது நோக்கமன்று. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின்முன் மண்வீடுகள் தாக்குப்பிடிக்கவில்லை. ஈரான் நாட்டின் பாம் நகரில், 2003 டிசம்பர் 26ஆந் தேதி விடியுமுன் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் பச்சைமண் கட்டிடங்கள் நொறுங்கின. இறந்தோர் 26,000 பேரளவினர். உலகப் புகழ்பெற்ற மண்கோட்டையும் வீழ்ந்தது. நெருக்குதலைத் தாங்கும் மண், அசைவையும் இழுப்பையும் தாங்காது. போதாக்குறைக்குக் கறையான், எலி, வெடிப்பில் குடிபுகும் பூச்சி. குளிர்ச்சியைப் பற்றியும் ஒரு சொல். மண்வீடு குளிர்ச்சி என்று எல்லோரும் சொல்வர். எமது அநுபவத்தில் அக்குளிர்ச்சியிற் பெரும்பங்கு கிடுகுக்கூரைக்கும் தாழ்வாரத்து நிழலுக்கும் உரியது. அதே மண்சுவரின்மேல் தகரத்தைப் போட்டுவிட்டு மத்தியானத்தில் உள்ளே இருந்து பாருங்கள், உண்மை தெரியும்.

மற்றப் பக்கத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். சீமெந்து வானத்திலிருந்து வருவதன்று. சுண்ணாம்புக்கல்லைக் களியுடன் சேர்த்து 1450 பாகை சென்ரிகிறேட் அளவில் எரிக்க வேண்டும். எரிபொருளிலிருந்து வரும் கரியமிலவாயு ஒருபுறமிருக்க, கல்லே உடைந்து அவ்வாயுவைக் கக்குகிறது. உலகில் மனிதர் வெளிவிடும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சீமெந்தினால் உண்டாவதென்பது இன்றைய கணிப்பு. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய தொழிற்சாலை 1990இல் போரினால் ஓய்ந்தது. அது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதற்காகக் கல்லகழ்ந்த பெருங்குழிகளை இன்றும் காணலாம். குடாநாட்டு மக்கள் குடிக்கும் நன்னீரைத் தன் துளைகளிலும் குகைகளிலும் தேக்கிவைத்திருப்பது அந்தச் சுண்ணாம்புக்கல்லேதான் என்பதைப் புவியியல் மாணவர் மறக்கலாகாது. ஆறில்லாத ஊருக்கு அக்கல்லே குளம்.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பினருக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். தத்தம் வீட்டின் தரைப்படத்தை வரைந்து, சுவர், கூரை, நிலம் என்பன எப்பொருளாலானவை, அப்பொருள் எங்கிருந்து வந்தது என்று குறித்துவர வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் வன்னி மாணவன் ஒருவனின் படத்தில் வீட்டுக்குப் பின்னே ஒரு சதுரம் பெயரின்றி இருந்தது. ‘‘இது என்ன, தம்பி?’’ என்று கேட்டோம்.

‘‘அது ஒண்டுமில்லை, சேர். சும்மா ஒரு மண்கொட்டில்.’’

பக்கத்திலிருப்பவனுக்குக் கேட்டுவிடக்கூடாதென்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். வகுப்பு முடிந்தபின் தனியே பேசியபோது மெல்ல மெல்ல விடயம் வெளிவந்தது. முன்னே நிற்பது வீட்டுத்திட்டத்திற் கிடைத்த 550,000 ரூபா உதவியோடு எழுந்த வீடு. போருக்குப் பின் பல குடும்பங்களுக்கு அத்தொகை கிடைத்தது. பல குடும்பங்களுக்கு அது போதவுமில்லை. சீமெந்து விலை, மணல் விலை, ஏற்றுக்கூலி, மேசன் கூலி என்று நாளுக்கு நாள் ஏற, தகப்பனார் வட்டிக்கு வாங்கினார். பூச்சுவேலை இன்னும் முடியவில்லை. கடனும் முடியவில்லை. அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் பகலில் இருக்க முடியாது. அம்மம்மா படுப்பது, அடுப்பெரிவது, அவன் விடுமுறையிற் படிப்பது எல்லாம் அந்த ‘ஒண்டுமில்லை’க்குள்ளேதான். அதைக் கட்ட எவ்வளவு முடிந்தது என்று கேட்டோம். அவன் யோசித்துப் பார்த்து, ‘‘கதவுக்குப் பிணைச்சல் வாங்கினது, சேர்’’ என்றான்.

கல்வீடு வேண்டாம் என்று அக்குடும்பத்துக்குச் சொல்ல எமக்கு வாயில்லை. எமது தாயார் விட்ட பெருமூச்சை மறந்தோமல்லோம். எமது மனக்குறை வேறு. இடைவழி ஒன்று இருப்பதை அத்தகப்பனாருக்கு யாரும் சொல்லவில்லை. சலித்த மண்ணோடு நூற்றுக்கு 5 பங்களவு சீமெந்து சேர்த்து, கைப்பொறியில் அழுத்தி, சூளையில் இடாமல் ஈரத்தில் வைத்துப் பதப்படுத்தும் மண்கற்கள் உள்ளன. புதுச்சேரிக்கு அருகில் ஒரோவில்லில் இவ்வகைக் கற்களால் மாடிவீடுகளும் வளைகூரைகளும் கட்டியிருக்கிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதுபற்றி ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2009இல் இக்கற்களுக்கென ஒரு நியமத்தையும் வெளியிட்டது. இது முழுப் பச்சைமண்ணன்று. சிறிதளவு சீமெந்து சேர்ந்ததும் மண் மீண்டும் குழையும் குணத்தை இழந்துவிடுகிறது. எங்கள் மல்லாவி வீட்டைப்போலப் பூசணிக்கு இடங்கொடாது. ஆனால் வீட்டுக்காரரின் பணம் லொறியேறிப் போகாமல், பெரும்பகுதி கூலியாக ஊருக்குள்ளேயே தங்கும். சுவரோ ஆண்டுதோறும் அம்மாவின் கையை எதிர்பாராது.

எந்த மண் எதற்குதவும் என்று அறிவதற்குப் பெரிய கூடம் வேண்டியதில்லை. வாசகர் தம் பிள்ளைகளோடு ஒரு விடுமுறை நாளிலே செய்து பார்க்கலாம். நேர்ச்சுவருள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுங்கள். மேல்மண்ணை நீக்கி ஒரு முழம் கீழே எடுத்த மண்ணைக் கட்டியில்லாமல் உடைத்து மூன்றிலொரு பங்குக்குப் போடுங்கள். நீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பிட்டு, மூடியை இறுக்கி நன்றாய்க் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியிற் படியும். வண்டல் சில மணி நேரத்தில். களி மறுநாளோ அதற்கு மறுநாளோ. அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். மணல் அதிகமாயும் களி ஐந்திலொரு பங்குக்கு மேற்படாமலும் இருந்தால் நல்ல மண் என்று கொள்ளலாம்.

எமது வகுப்பறை யன்னற் குந்தில் இப்போது ஒன்பது போத்தல்கள் நிற்கின்றன. கோப்பாய்ச் செம்பாட்டு மண், மணற்காட்டு மணல், ஒரு குளத்துக் களி என்று ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்த மாணவன் விடுமுறை கழிந்து வரும்போது கடதாசிப் பையில் ஒரு மண்கட்டி கொண்டுவந்தான். கொட்டிலின் மூலையில் உடைந்து விழுந்த துண்டாம். போத்தலில் இட்டு இரண்டு நாள் வைத்துப் பார்த்தோம். மிதந்த வைக்கோற்றும்புகளை நீக்கி அளந்தால், களி ஐந்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது போத்தலிலும் கணக்குச் சரியாய் அமைந்தது அது ஒன்றுதான். பிள்ளைகள் சுற்றிநின்று, மண்ணை யார் கலந்தது, என்ன அளவிற் கலந்தது என்று அவனைத் துளைத்தெடுத்தனர்.

‘‘அம்மம்மாதான். அளவெல்லாம் எனக்குத் தெரியாது. உருட்டிப் பார்த்துப் போட்டுச் சரியெண்டு சொல்லுவா’’ என்றான். அடுத்த தவணைக்குள் அவரிடம் கேட்டு எழுதிவருவதாகச் சொல்லியிருக்கிறான்.